ஒல்லாந்தக் குடிப் பதிவேடுகளும் முன்னோர் தேடலும்: ஒரு வரலாற்று நோக்கு

1632ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள், ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரத்துப் புதிய தேவாலயத்திலே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. குழந்தையின் பெயர் யொவானிஸ். தகப்பன் ரெய்னியர் யான்ஸ். தாய் டிக்னா பால்தென்ஸ். உடன் நின்ற சாட்சிகள் மூவர். பதிவேட்டில் உள்ளது இவ்வளவே. பின்னாளில் உலகப் புகழ் எய்திய ஓவியர் யொகானஸ் வெர்மியரின் பிறப்பைப் பற்றிய பதிவு இதுவாகும். ஆயின் 'வெர்மியர்' என்ற பெயர் இப்பதிவில் இல்லை. அப்பெயரை மட்டும் கையிற்கொண்டு ஏட்டைப் புரட்டுபவர், தாம் தேடும் குழந்தையைக் கண்ணெதிரே கண்டும் காணாது அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவார்.

ஒல்லாந்த முன்னோரைத் தேடுவோர் எதிர்நோக்கும் முதல் இடர்ப்பாட்டை இச்சிறு பதிவு நன்கு காட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பொதுமக்களுட் பலர் நிலையான குடும்பப் பெயர் உடையவரல்லர். யானின் மகன் 'யான்ஸ்' எனப்பட்டான். மகளாயின் தகப்பன் பெயருடன் மகள் என்பதற்குரிய சொல் சேர்ந்தது. தகப்பன் பெயரையே தன் பெயரோடு இணைத்தெழுதும் வழக்கமுள்ள தமிழர்க்கு இது புதுமையன்று. வெர்மியரின் பாட்டன் யான் ரெயர்ஸ்; அவன் மகன் ரெய்னியர் யான்ஸ். தலைமுறைதோறும் பின்பெயர் மாறியது. ரெய்னியர் சில காலம் 'வொஸ்' என்ற பெயரையும் பூண்டிருந்தான். வெர்மியர் என்பது அதற்குப் பின்னரே அக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

இவ்வாறு பெயர் மாறிச் செல்லும் ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து பற்றிச் செல்ல ஞானஸ்நானப் பதிவு மாத்திரம் போதாது. ஜோன் மைக்கல் மொன்ரியாஸ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் டெல்வ்ற் நகரத்து நொத்தாரிசுமாரின் உறுதிகளையும் கடன் பத்திரங்களையும் சாட்சியங்களையும் ஆண்டுக்கணக்கிற் படித்தே அக்குடும்பத்தின் கதையை மீட்டெடுத்தார். 1989இல் வெளிவந்த அவரது நூலினால், ரெய்னியர் பட்டு நெசவும் விடுதி நடத்துதலும் ஓவிய வாணிபமும் செய்தவன் என்பதும், தாய்வழிப் பாட்டன் கள்ள நாணய வழக்கொன்றிற் சிக்கியவன் என்பதும் விரிவாகத் தெரிய வந்தன. பெருமையைத் தேடிச் செல்வோர்க்கு ஏடுகள் வேறொன்றையும் எடுத்துக் கொடுப்பதுண்டு.

முன்னோர் தேடல் என்பது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு எனச் சிலர் எள்ளுவர். அது பொருந்தாது. ஒரு தனிமனிதனைப் பெயர் கொண்டு தேடும்போதுதான், அவனை ஏட்டில் எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்ற வினா எழுகின்றது. ஒல்லாந்தின் குடிப் பதிவேடுகள் எவையும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவையல்ல. சபை தன் ஒழுக்கத்துக்காக எழுதியது. அரசு வரிக்காகவும் படைக்காகவும் எழுதியது. வாணிபக் கொம்பனி சம்பளக் கணக்குக்காக எழுதியது. அந்தந்த நோக்கத்துக்கு வேண்டியவையே ஏட்டில் ஏறின. வேண்டாதவை விடப்பட்டன.

முதலிலே தேவாலய ஏடுகளை நோக்கலாம். கத்தோலிக்க சபையின் திரெந்துச் சங்கம் 1563இல் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும்படி குருமாருக்கு விதித்தது. சீர்திருத்த சபையினர் 1574இல் டோர்ட்றெக்ற் நகரிற் கூடிய மாகாண சங்கத்தில் இத்தகைய ஒழுங்கினை மேற்கொண்டனர். அம்ஸ்ரர்டாம் நகரின் ஞானஸ்நான ஏடுகள் 1564 முதலாக உள்ளன. நாட்டுப்புறக் கிராமங்கள் பலவற்றில் பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்திய ஏட்டை எதிர்பார்த்தல் வீண். இவ்வேடுகள் குறிப்பது பிறந்த நாளையன்று. ஞானஸ்நானம் பெற்ற நாளையே. மரித்த நாளும் அவ்வாறே: குழியிற் கிடத்திய நாள்தான் எழுதப்பட்டது.

நாட்களிலும் ஒரு பொறி உண்டு. ஒல்லாந்து மாகாணமும் சீலாந்தும் 1580களின் தொடக்கத்திலேயே கிறகோரியன் நாட்காட்டியை ஏற்றுக்கொண்டன. கெல்டர்லாந்து, உத்ரெக்ற், பிரீஸ்லாந்து, குரோனிங்கன் முதலிய மாகாணங்களோ 1700, 1701ஆம் ஆண்டுகள் வரையிற் பழைய யூலியன் நாட்காட்டியையே கைக்கொண்டன. ஒரே குடியரசுக்குள்ளே ஒரு மாகாண எல்லையைக் கடந்தவன் பத்து நாள் முன்னோக்கியோ பின்னோக்கியோ சென்றான். அம்ஸ்ரர்டாமில் ஒருவன் ஒப்பமிட்ட நாளுக்கு முன்னரே உத்ரெக்றில் அவனது மறுமொழி எழுதப்பட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

தேவாலய ஏட்டின் குறைகளுக்கு ஈடாக வழக்கம் ஒன்று துணைநிற்கின்றது. முதல் மகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டன் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும், மகளிர்க்குப் பாட்டிமார் பெயர்களையும் இடுதல் பரவலாக நிலவியது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லையாதலால் இதன் பயன் எளிதில் விளங்கும். பிள்ளைகளின் பெயர் வரிசையிலிருந்து பாட்டன்மாரின் பெயரை ஊகிக்க முடிகின்றது. ஆயின் இவ்வழக்கமே மயக்கத்தையும் தருவது. பிள்ளையொன்று இறந்தால் அதன் பெயரே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு இடப்பட்டது. ஓவியர் வின்சென்ற் வான் கோ 1853 மார்ச் 30இல் சுண்டெர்ட் என்னும் ஊரிற் பிறந்தார்; சரியாக ஓராண்டுக்கு முன், 1852 மார்ச் 30இல், அதே பெற்றோருக்கு உயிரின்றிப் பிறந்த குழந்தையின் பெயரும் வின்சென்ற் வான் கோ. அப்பெயர் பொறித்த கல்லறை அவ்வூர்த் தேவாலய முற்றத்தில் உள்ளது. புகழ்பெற்றோர் குடும்பமாதலால் இங்கே மயக்கம் நேரவில்லை. பெயரறியாக் குடியானவர் குடும்பத்தில் இரு குழந்தைகளை ஒருவராக்கி, இறந்தவனுக்கு மனைவி மக்களைத் தேடிக் கொடுத்த வமிசாவளிகள் எத்தனையோ இருக்கக்கூடும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அரசின் கை ஏட்டுக்குள் நுழைகின்றது. பிரான்சுடனான நீண்ட போர் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த வேளை, 1695இல், ஒல்லாந்து மாகாணம் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வரி விதித்தது. மக்கள் செல்வநிலைக்கேற்ப வகுக்கப்பட்டனர்: மேல்வகுப்பினர் 30 கில்டர், அடுத்தோர் 15, அதற்கடுத்தோர் 6, பின்னர் 3, ஏழைகள் 'கடவுளின் பொருட்டு' எனக் குறிக்கப்பட்டு வரியின்றி விடப்பட்டனர். மணமுடித்தோர்க்கும் மரித்தோர்க்கும் இது தொல்லை. வரலாற்று மாணவனுக்கோ பேறு. எழுத்தறியாத செம்மான் ஒருவனின் வாழ்க்கைநிலையை அறிய வேறு சான்று இல்லாத இடத்தில், அவன் 3 கில்டர் கொடுத்து மணமுடித்தான், முப்பதாண்டுகளின் பின் வரியின்றிப் புதைக்கப்பட்டான் என்னும் இரு வரிகள் அவனது தாழ்வைச் சொல்லிவிடுகின்றன. எனினும் வரியேடு முற்றும் நம்பத்தக்கதன்று. தன்னை ஒரு படி தாழ்த்திக் கூறுவதால் இலாபம் கிடைக்குமிடத்தில் மனிதர் தாழ்மை உடையவராதல் இயல்பு.

பெரிய மாற்றம் பிரெஞ்சுக்காரரின் வருகையோடு ஏற்பட்டது. தெற்கே லிம்பேர்க், சீலாந்தின் தென்பகுதி ஆகியன 1795இல் பிரான்சுடன் இணைக்கப்பட்டமையால் அங்கே குடியியற் பதிவு 1796ஆம் ஆண்டளவிலேயே தொடங்கியது. அவ்விடத்துப் பழைய பதிவுகளில் நாளும் மாதமும் பிரெஞ்சுப் புரட்சியின் நாட்காட்டிப்படி உள்ளன. அதனை அறியாதார் 'பதினோராம் ஆண்டு' என்பதைக் கண்டு திகைப்பர். ஏனைய மாகாணங்கள் 1810இல் நெப்போலியனின் பேரரசோடு சேர்க்கப்பட்டன. 1811இல் அங்கெங்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் கடமை தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்கு மாறியது. பேரரசனுக்குப் படைவீரர் தேவைப்பட்டனர். இருபது வயது இளைஞன் எந்த வீட்டில் இருக்கின்றான் என்பதை அறியாமற் படை திரட்ட முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பிலான பதிவு இவ்வாறு பிறந்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாட் கட்டளை, குடும்பப் பெயர் இல்லாதோர் யாவரும் ஒரு பெயரைத் தெரிந்து பதியவேண்டும் என்றது. பிரீஸ்லாந்து முதலிய வடபகுதியினரும் யூதருட் பலரும் இக்காலத்திலேயே நிலையான பெயர் பெற்றனர். அந்நியன் ஆட்சி நெடுநாள் நில்லாது என எண்ணிய மக்கள் அதிகாரிகளை ஏளனம் செய்யும் நோக்கத்துடன் நகைப்புக்கிடமான பெயர்களைக் கொடுத்தனர் என்றொரு கதை ஒல்லாந்தில் இன்றும் வழங்குகின்றது. 'நிர்வாணமாய்ப் பிறந்தவன்' எனப் பொருள்படும் 'நாக்ற்கெபோரன்' என்ற பெயரை அதற்குச் சான்றாகக் காட்டுவர். கதை சுவையானது; ஆனால் அப்பெயர் 1811க்கு முன்னரே வழக்கிலிருந்தது. தந்தை இறந்த பின் பிறந்தவன் என்னும் கருத்துடைய செர்மானியச் சொல்லின் திரிபாக அது விளக்கப்படுகின்றது. ஏட்டைப் பாராது கேள்வியால் மாத்திரம் வரலாறு எழுதுவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

1811க்குப் பின்னர் தேடுவோர்க்குப் பெருவிருந்தாக அமைவன திருமணப் பதிவோடு இணைத்து வைக்கப்பட்ட துணைப் பத்திரங்களாம். மணமக்கள் தமது பிறப்பத்தாட்சியைக் கொண்டுவரல் வேண்டும். பெற்றோர் இறந்திருப்பின் அவர்தம் இறப்பத்தாட்சியும், சில வேளைகளிற் பாட்டன் பாட்டியரின் இறப்பத்தாட்சியும் வேண்டப்பட்டன. மணமகன் படைச்சேவைக் கடமையை நிறைவேற்றியமைக்குச் சான்றிதழ் காட்டவேண்டும். தப்பியோடினால் அடையாளங் காண்பதற்காக அதிலே அவனது உயரம், முகத்தின் அமைப்பு, கண்ணின் நிறம், மூக்கு, வாய், நாடி, தழும்புகள் ஆகியன குறிக்கப்பட்டன. புகைப்படக் கருவி பிறவாத காலத்தில் ஏழைக் கூலியாளனுக்குச் சித்திரம் எழுதியோர் யாருமிலர். பேரப்பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே முகச்சாயல், அவனைப் பிடிப்பதற்கென்று எழுதப்பட்ட அவ்வரிகளேயாம்.

இறப்பு ஏட்டிலே இன்னொரு குறிப்பும் மனங்கொள்ளத்தக்கது. பிறப்பைப் பதிவதற்கு முன்பே இறந்துபோன குழந்தைகள் 'உயிரற்றதாக அறிவிக்கப்பட்டது' என்ற ஒரே தொடராற் குறிக்கப்பட்டன. குழந்தை உயிரின்றியே பிறந்ததா, அன்றி ஓரிரு நாள் மூச்சுவிட்டுப் பின் இறந்ததா என்பதை அத்தொடர் கூறாது. பெயரும் எழுதப்படவில்லை. சட்டத்துக்கு வேண்டாத வேறுபாடு அது. தாய்க்கு அவ்வாறு இருந்திராது.

பிறப்பு, மணம், இறப்பு என்னும் மூன்று புள்ளிகளுக்கிடையே மனிதன் எங்கே இருந்தான் என்பதை அறிவிப்பது 1849 திசெம்பர் 22ஆம் நாள் அரச கட்டளையினால் உருவான குடிப் பதிவேடாகும். அவ்வாண்டு நவம்பரில் எடுக்கப்பட்ட குடிமதிப்பை அடிப்படையாகக் கொண்டு 1850இல் எல்லா நகராட்சிகளிலும் இது தொடங்கியது. குடிமதிப்பு ஒரு நாளின் தோற்றத்தைத் தருவது. குடிப் பதிவேடோ நாள்தோறும் திருத்தப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்பத் தலைவன், மனைவி, மக்கள், உடன் வாழும் மாமியார், வேலைக்காரி ஆகிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பிறந்த நாளும் ஊரும், தொழில், சமயம், வந்த நாளும் எங்கிருந்து என்பதும், சென்ற நாளும் எங்கே என்பதும். இறந்தவர் அல்லது நீங்கியவர் பெயர் கோடிட்டு வெட்டப்பட்டது. பக்கம் முழுவதும் வெட்டுக்கோடுகளாக நிற்கும் ஒரு வீட்டைப் பார்க்கும்போது, அக்குடும்பத்தின் சிதைவை வேறெந்த விளக்கமுமின்றி உணரலாம்.

இவ்வேட்டின் சிறப்பு பெண்களையும் ஏழைகளையும் பற்றியது. பதினான்கு, பதினைந்து வயதிற் கிராமத்தை விட்டு நகரத்து வீடுகளில் வேலைக்குச் சென்ற பெண்கள் வீடு மாறி வீடு அலைந்தனர். சில நகராட்சிகள் வேலைக்காரருக்கெனத் தனியேடே வைத்திருந்தன. சொத்தில்லாதாள் நொத்தாரிசின் உறுதியில் தோன்றாள். குடிப் பதிவேட்டிலோ அவளது ஒவ்வொரு பெயர்வும் நாட்குறிப்போடு உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கட்டப்பட்ட ஏடுகள் நீங்கிக் குடும்ப அட்டைகள் வந்தன; 1930களின் இறுதியில் ஆளுக்கொரு அட்டை என்ற முறை அமைந்தது. அதனைக் கணினிப் பதிவு 1994இல் மாற்றீடு செய்தது.

ஆளுக்கொரு அட்டை என்னும் முறை நிறைவெய்திய வேளையிலேயே, 1940 மே மாதத்தில், நாடு நாசிகளின் கையில் வீழ்ந்தது. ஒல்லாந்தக் குடிப் பதிவின் வரலாற்றை வியந்துரைப்போர் இவ்விடத்தை விரைந்து கடக்க விரும்புவர், கடத்தல் ஆகாது. குடிப் பதிவேடுகளின் அரச பரிசோதனைத் துறைக்குத் தலைவராயிருந்த யாக்கோப் லென்ற்ஸ், போலி செய்வதற்கு மிக அரிதான அடையாள அட்டையொன்றை வகுத்தளித்தார். 1941இல் அது நடைமுறைக்கு வந்தது. அவர் நாசிக் கட்சியினரல்லர். தம் தொழிலின் செம்மையையே பெரிதாக மதித்த அலுவலர். அதே ஆண்டு ஜனவரியில் யூதர் யாவரும் தம்மைப் பதிதல் வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அட்டையிற் சமயம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தமையால் மறைப்பது கடினம். அம்ஸ்ரர்டாம் நகராட்சி அலுவலகம் 1941இல் ஒரு நகரப்படம் வரைந்து கொடுத்தது. அதிலே ஒரு புள்ளி பத்து யூதரைக் குறித்தது. புள்ளிகள் செறிந்த தெருக்களை நோக்கி வண்டிகள் சென்றன.

நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,02,000 பேரளவில் உயிரிழந்தனர். நூற்றுக்கு 70 வீதத்துக்கும் மேற்பட்ட இவ்விழப்பு, அயல்நாடுகளாகிய பெல்ஜியம், பிரான்சு ஆகியவற்றின் இழப்பு வீதத்தை விட மிக உயர்ந்தது. இதற்குப் பதிவேடு ஒன்றே காரணமெனல் மிகையாகும். ஆட்சியின் அமைப்பு, நிலத்தின் இயல்பு, அலுவலரின் கீழ்ப்படிவு எனப் பல காரணங்களை வரலாற்றாசிரியர் காட்டுவர். எனினும் பதிவேட்டின் பங்கை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர். 1943 மார்ச் 27ஆம் நாளிரவு, ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயுஸ், சிற்பி கெறிற் வான் டெர் வேன் முதலியோர் பொலிஸ் உடையில் அம்ஸ்ரர்டாம் குடிப் பதிவு அலுவலகத்துட் புகுந்து வெடிவைத்துத் தீயிட்டனர். தீயணைப்புப் படையினருட் சிலர் வேண்டுமென்றே தாமதித்து வந்து, தீ தின்னாத அட்டைகள் மீது நீரைத் தாராளமாகப் பாய்ச்சினர் என்பர். அழிந்தவை நூற்றுக்கு 15 வீதமளவே. யூலை முதலாம் நாள் அரொண்டேயுஸ் உட்படப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11இல், ஹேக் நகரில் அடையாள அட்டைகளின் மறுபடிகள் இருந்த மாளிகையைப் பிரித்தானிய விமானங்கள் தாக்கின. அங்கே பணிபுரிந்தோருள் அறுபது பேரளவில் மாண்டனர்.

நாடுகடத்தப்பட்டோரின் அட்டைகளில் நகராட்சி எழுதர் 'எங்கென்று அறியாதவாறு நீங்கினார்' என்னும் பொருள்படும் மூன்று எழுத்துச் சுருக்கத்தைக் குறித்தனர். முகவரி மாறும் பணிப்பெண்ணுக்கு எழுதிய அதே இடத்தில், அதே ஒழுங்கில். எஞ்சியோரின் மக்கள் இன்று தம் பாட்டன்மாரைத் தேடுவதும் அவ்வட்டைகளிலேதான். பிறப்புப் பதிவு நூறாண்டும், திருமணப் பதிவு எழுபத்தைந்தாண்டும், இறப்புப் பதிவு ஐம்பதாண்டும் சென்ற பின்னரே பொதுமக்களுக்குத் திறக்கப்படும் என்ற சட்டம் அங்கு நிலவுகின்றது. காத்திருக்கும் தேடுவோர்க்கு இது சலிப்பூட்டலாம்; 1943ஐ அறிந்தோர் அதனை வீண் கட்டுப்பாடு எனக் கூறமாட்டார்.

இதுவரை கூறியவை ஊரில் இருந்தோரைப் பற்றியன. ஊரை விட்டுக் கடல் கடந்தோர்க்கு வேறோர் ஏடு உண்டு. 1602 முதல் 1795 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்களில் ஆசியாவை நோக்கிப் புறப்பட்டோர் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்தோராவர்; திரும்பியோர் மூன்றிலொரு பங்கினரளவே. இவர்களுக்காகக் கப்பல்தோறும் சம்பள ஏடு எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய ஏடுகள் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. அவற்றிலுள்ள ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இன்று கணினியிற் பெயர் கொண்டு தேடலாம். பெயர், ஊர், பதவி, கப்பல், வீட்டில் விட்டுவந்த மனைவிக்கோ தாய்க்கோ கொடுக்கும்படி எழுதிவைத்த பங்கு, புறப்படுமுன் கடையிலும் விடுதியிலும் பட்ட கடன், சேவை முடிந்த விதம் ஆகியன அங்குள்ளன. மரித்தான், திரும்பினான், ஓடிப்போனான் என்ற மூன்றிலொன்று பெரும்பாலும் கணக்கை முடித்து வைக்கும்.

இலங்கைப் பறங்கியர் குடும்பங்கள் பல தம் ஆதியை இவ்வேட்டிலேயே காண்கின்றன. கண்டபின் வியப்புறுவோரும் உளர். ஏனெனில் கொம்பனியின் ஆட்களுட் பாதியளவினர் ஒல்லாந்தரே அல்லர். செர்மானிய, ஸ்கண்டிநேவிய, பிளெமிஷ் ஊரவர். தம் முன்னோன் ஒல்லாந்தன் என நூறாண்டு சொல்லிவந்த குடும்பம், ஏட்டைத் திறந்தால் செர்மனியின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் கிடைக்கின்றது. அதுவும் எழுதுவினைஞன் தன் காதிற் பட்டபடி எழுதிய பெயர்.

கொம்பனியின் ஆறு கிளைகள் அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், டெல்வ்ற், ரொட்டர்டாம், ஹோர்ண், என்க்ஹைசன் ஆகிய நகரங்களில் இருந்தன. யாழ்ப்பாணத்தார்க்கு இவற்றுட் சில தீவுகளின் பெயர்களாகப் பழக்கமானவை: நெடுந்தீவு டெல்வ்ற் எனவும், காரைதீவு அம்ஸ்ரர்டாம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும் ஒல்லாந்தப் படங்களில் எழுதப்பட்டன. இவற்றுள் மிடில்பேர்க் நகரின் கதை தனித்துக் கூறத்தக்கது. 1940 மே 17இல் அந்நகர் தீக்கிரையானபோது சீலாந்து மாகாணத்துத் தேவாலய ஏடுகளிற் பெரும்பாலானவை சாம்பராயின. நூலகம் எரிந்த 1981ஐ அறிந்த ஊரினர்க்கு இவ்விழப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் கொம்பனியின் சீலாந்துக் கிளைக்குரிய ஏடுகள் அதற்கு நெடுநாள் முன்னரே ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. ஆகவே சீலாந்தில் ஊரோடு வாழ்ந்து ஊரிலே மாண்டவனைப் பற்றிய குறிப்பு எரிந்துபோக, வறுமையாற் கப்பலேறிக் கொழும்பிலோ பத்தாவியாவிலோ மடிந்த அவன் தம்பியைப் பற்றிய குறிப்பு எஞ்சிவிட்டது.

தகப்பன்வழி இவ்வாறு கிடைத்துவிடுகின்றது. தாய்வழி அத்துணை எளிதன்று. கப்பலில் வந்தோர் ஆடவர். அவர்கள் மணந்த பெண்களுட் பலர் இலங்கையிலோ இந்தியக் கரையிலோ பிறந்தவர்கள். போர்த்துக்கேயக் கலப்பினர் பலர். அடிமைநிலையிலிருந்து விடுபட்டோரும் இருந்தனர். சபை ஏட்டில் ஏறும்போது அவர்களுக்கு ஒரு கிறித்தவப் பெயர் கிடைத்தது. பழைய பெயர் ஏட்டுக்குப் புறத்தே நின்றுவிட்டது. 1908இல் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வமிசாவளிகள் மிக்க உழைப்பின் பயன். இலங்கை வரலாற்றுக்கு அவை செய்த தொண்டு பெரிது. ஆயின் ஆண்வழியையே சங்கத்து உரிமைக்கு அளவையாகக் கொண்டமையால், முதல் தலைமுறையின் மனைவி அவற்றிற் பலகால் ஒரு முன்பெயராக மாத்திரமே நிற்கின்றாள். பத்துத் தலைமுறை விரியும் மரத்தின் வேரிற் பாதி எழுதப்படாதுள்ளது.

இதற்கு மாறாக, கொம்பனிக்கு நிலவரியும் இராசகாரியமும் செலுத்திய சுதேசக் குடியானவனின் குடும்பம் தோம்புகளில் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பதியப்பட்டது. தோம்பு என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தனர். அம்முறையை விரிவாக்கியோர் ஒல்லாந்தர். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்மேற்குக் கரையில் எழுதப்பட்ட தலைத்தோம்புகளிலே குடும்பத் தலைவன், சகோதரர், மனைவியர், பிள்ளைகள், வயது, செய்ய வேண்டிய ஊழியம் ஆகியன காணப்படுகின்றன. பாடசாலைத் தோம்புகளிற் சட்டம்பிமார் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்தனர். ஞானஸ்நானம் பெறாதான் சொத்துரிமையில் இடர்ப்படுவான் என்ற அச்சத்தாற் பெயர் கொடுத்தோர் எத்தனை பேர் என்பதை அவ்வேடு கூறாது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிக் கூடத்தில் இவை பேணப்படுகின்றன. செல்வி யூரியான்சே 1943இல் வெளியிட்ட ஒல்லாந்தச் சுவடிகளின் அட்டவணை அவற்றுட் புகுவோர்க்கு இன்றும் வழிகாட்டி. ஒல்லாந்த மொழியையும் அக்காலக் கையெழுத்தையும் கற்றுக்கொண்டு தோம்புகளுட் புகும் தமிழ் மாணவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. கரையோரத்துக் குடிகளின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாறு எழுதப்படவேண்டுமாயின் அது பெருமளவில் அங்கிருந்தே எழுதப்பட வேண்டும்.

கடிதச் சுவடிகள் கைவிடும் இடத்திற் கல் உதவுவதுண்டு. யாழ்ப்பாணக் கோட்டையுள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்தின் தரையிற் கொம்பனி அலுவலர், அவர்தம் மனைவியர், குழந்தைகள் ஆகியோரின் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. போரினால் அத்தேவாலயம் இடிபாடாயிற்று. இலங்கையின் ஒல்லாந்தத் தேவாலயங்களிலுள்ள கல்லறைப் பொறிப்புகளை லியோபோல்ட் லுடோவிசி என்பவர் 1877இல் தொகுத்து நூலாக வெளியிட்டிருந்தார். சிதைந்த கற்களில் என்ன எழுதியிருந்தது என்பதை அறிய விரும்புவோர் இன்று அந்நூலைத்தான் திறக்கவேண்டியுள்ளது.